2005 தேர்தலில் யாழ்ப்பாணம் வாக்களிக்காதது யார் முடிவு?

“2005 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தமிழர் தாமாகவே வாக்களிக்காமல் இருந்தனர், இப்போது வருந்துகிறார்கள்” என்று பரவும் செய்தி தவறு.

இலங்கைத் தமிழர் அனைவரும் விலகி நிற்கவில்லை. மலையகத் தமிழர் செறிந்து வாழும் நுவரெலியாவில் ஐந்தில் நால்வரும், மட்டக்களப்பில் ஏறக்குறையப் பாதிப்பேரும் வாக்களித்தனர். வாக்குச்சாவடிகள் வெறிச்சோடியது வடக்கில்தான்: யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான ஏழு லட்சம் வாக்காளரில் 1.2 விழுக்காட்டினரே வாக்களித்தனர். மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை சுமார் 1,80,000 வாக்குகளில் மட்டுமே வென்றார்; யாழ்ப்பாணத்தின் வாக்குகள் முடிவை மாற்றியிருக்கலாம் என்பதால்தான் இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன், இரு வேட்பாளர்களையும் ஆதரிப்பதில் பயனில்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்தன. சொல்லளவில் அது புறக்கணிப்பு அழைப்பு அல்ல. ஆனால் நவம்பர் 17 அன்று யாழ்ப்பாணத் தெருக்களில் டயர்கள் எரிந்தன, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்ந்தோர் வாக்களிக்க எல்லை கடந்து, அரசின் கட்டுப்பாட்டில் இருந்த முகமாலை போன்ற இடங்களுக்கு வரவேண்டியிருந்தது, அந்தப் பகுதிகளில் மக்கள் தடுக்கப்பட்டதை ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்களும் பதிவு செய்தனர்.

தன் விருப்பப்படி ஒதுங்கியவருக்குத்தான் வருத்தம் என்ற சொல் பொருந்தும். விரும்பியே ஒதுங்கியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அச்சத்தால் வீட்டில் இருந்தவரை அவர்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமல்ல. அந்த வருத்தத்துக்குப் பிந்தைய தேர்தல்களைச் சான்றாகக் காட்டுவோரும் கவனிக்க வேண்டும்: 2010-இல் யாழ்ப்பாணத்தில் நான்கில் ஒருவரே வாக்களித்தார், மூன்றில் இரண்டு பங்கினர் வந்தது 2015-இல்தான்.