பிள்ளை வேறு, உடன்பிறப்பு வேறு

ஆங்கில 'ஸ்பை' (ஒற்றன்) சமஸ்கிருதப் 'பச்யதி'யில் பிறந்தது என்று சொன்ன ஒரு படத்தின் கீழ் நேற்று நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள், திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் எழுதியது ஒரே வரி: ஆங்கில 'ஸ்பை' சமஸ்கிருதப் 'பச்யதி'க்குப் பிள்ளை இல்லை, உடன்பிறப்பு. உடனே தேசத்துரோகி என்றார்கள். ராத்திரி வேறொரு கூட்டம் வந்து, பச்யதியே நம் 'பார்'-இலிருந்து வந்தது என்று நான் சொல்லாததால் தமிழ்த்துரோகி என்றது. ஒரே நாளில் இரண்டு பட்டம், பல்கலைக்கழகம்கூட இவ்வளவு வேகமாகத் தராது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். பச்யதி என்றால் பார்க்கிறான். முன்னால் இருந்த 'ஸ்' உதிர்ந்துவிட்டது. ஒற்றனைக் குறிக்கும் 'ஸ்பச' என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லத்தீனில் இதே வேர் 'ஸ்பெகியோ'. ஸ்பை ஆங்கிலத்துக்குள் வந்தது பழைய பிரெஞ்சு வழியாக, பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியது பழைய ஜெர்மானிய இனத்தவரிடம். இந்த வழியில் சமஸ்கிருதம் எங்கே வருகிறது? இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான் (இந்தோ-ஐரோப்பிய மூலமொழி), அதனால் அக்கா அம்மா ஆகிவிடுவாளா?

"அப்போ சமஸ்கிருதத்துக்கு வாரிசே இல்லையா?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருந்தார். ஏன் இல்லை? பச்யதிக்கு இறந்தகால வடிவம் ஒன்றைக் கேட்டால் 'ததர்ச' என்று வேறொரு வேர் வந்து நிற்கும். நம் 'தரிசனம்' அந்த வேரில் இருந்து வாங்கியதுதான். அந்த வேரின் பேரப்பிள்ளைதான் 'பார்' என்று பொருள்படும் இந்தி 'தேக்', வங்காளத்திலும் மராத்தியிலும் அதே, இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ரோமா மக்கள் வாயில் 'திக்'. கொழும்பில் வேலை பார்த்தபோது, தொலைந்த என் குடையைப் பற்றிக் கடைக்கார அக்கா பையனிடம் சிங்களத்தில் "தெக்கத?" என்று கேட்டார், பார்த்தாயா என்று. போபாலில் மூன்று வருடம் "தேக்கா க்யா" கேட்டுப் பழகிய காது எனக்கு, புல்லரித்துவிட்டது. குடை கிடைக்கவில்லை என்பது வேறு.

இந்தத் 'தேக்' அசோகன் காலத்துச் சொல். டெல்லியில் நிற்கும் அவருடைய தோப்ரா தூணில் 'தேக்கதி' என்றே வெட்டியிருக்கிறது, 2,200 வருடங்களுக்கு மேலாகிறது. என்ன வாக்கியம் தெரியுமா? மனிதன் தான் செய்த நல்லதைத்தான் பார்க்கிறான், தான் செய்த பாவத்தைப் பார்ப்பதில்லை. நேற்றைய கமென்ட்டுகளுக்கு எழுதியதைப் போல இருக்கிறது.

"நீ என்ன மொழியியல் படித்தவனா?" இல்லை, கணக்குப் பிள்ளை. அதனால் அகராதியைப் புரட்டக் கூடாதா? 'பார்' கட்சிக்குப் பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் உறவு என்றால் பக்கோடாவும் பங்காளிதான்.

இதில் வலித்தது ஒன்றுதான். முதல் துரோகிப் பட்டத்துக்கு இதயம் போட்டது என் சொந்தச் சித்தப்பா. எனக்கு ஐந்தாம் வகுப்பில் அமரம் என்ற சமஸ்கிருதச் சொல் அகராதியை மனப்பாடம் பண்ணவைத்தவர். சித்தப்பா, காலையிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டுவிட்டேன், போனை எடுங்கள்.