நானாகப் போய்ச் செய்துகொண்டால் வலிக்காதா?

"நீயாகத்தானே போய்ச் செய்துகொண்டாய்?"

ஃபேஸ்லிஃப்ட், அதாவது முகத்தின் தொய்வை நீக்கும் அறுவை சிகிச்சை, முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். இந்தக் கேள்வியை இதுவரை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! ஆம், நானாகத்தான் போனேன். என் முகம், என் சேமிப்பு, என் முடிவு. அதனால் கத்தி பட்ட இடம் வலிக்காமல் இருந்துவிடுமா? யார் விருப்பத்தில் வெட்டினார்கள் என்று பார்த்தா சதை புண்ணாகிறது?

அக்கா பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது வீடே அவள் கட்டிலைச் சுற்றி நின்றது. ஒரு துணிக்கூடையைக்கூட அவளைத் தூக்கவிடவில்லை. நான்தான் இரண்டு வாரம் உடன் இருந்தேன். அதே அக்கா போன திங்கட்கிழமை வந்து, வாசலில் நின்றபடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழகுக்காகச் செய்துகொண்டதற்கு இவ்வளவு படுக்கையா?" என்றாள். எனக்கு வாயைத் திறந்து பதில் சொல்லவும் முடியவில்லை. தாடையை அசைத்தால் காதுக்கு முன்னால் இருந்த தையல் சுரீர் என்றது.

இது ஏதோ தோலை இழுத்து ஒட்டுகிற வேலை என்று நினைக்கிறார்கள். நெற்றிப்பொட்டில் முடி தொடங்கும் இடத்திலிருந்து வெட்டு இறங்குகிறது. காதின் முன்பக்கம் வந்து, மடலைச் சுற்றி, பின்புறம் ஏறி, பின்தலை முடிக்குள் போய் முடிகிறது. அதுவும் இரண்டு பக்கமும். கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரித்தெடுத்து, அதற்குக் கீழே தசையோடு ஒட்டிய படலத்தை இழுத்துத் தைக்கிறார்கள். பிறகுதான் மிச்சத் தோலை நறுக்கிவிட்டு மேல் தையல். எனக்கு முதல் நாள் இரவு இரண்டு காதுக்குப் பின்னாலும் வடிகுழாய் தொங்கியது. இதைச் செய்துகொண்டு வந்தவளிடம்தான் இரண்டாம் நாள் காலையில், "எழுந்து கொஞ்சம் வேலை பார்த்தால் சரியாகிவிடும்" என்று சொல்லப்பட்டது.

குனியக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. ரத்த அழுத்தம் ஏறக்கூடாது. இவை நான் கற்பித்துக்கொண்ட சலுகைகள் இல்லை. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர்கள் மிகவும் பயப்படுவது தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதற்குத்தான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் அது வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி, வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; ரத்த அழுத்தம் கூடினால் இந்த ஆபத்தும் கூடும். அன்றைக்குத்தான் சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஆஸ்பிரின் அட்டையை நீட்டினாள். "வெறும் தலைவலி மாத்திரைதானே, போட்டுக்கொள்." ரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரை அது. வேண்டாம் என்று கையை அசைத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கத் துணியோடு வந்தார். என் கன்னத்திலும் காது மடலிலும் உணர்ச்சியே இல்லை. சுட்டுப் புண்ணானாலும் எனக்குத் தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் வந்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் என்ன?

எனக்குக் கோபம் வீட்டார் மேல் மட்டுமில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்களே, அந்த மருத்துவமனைக்காரர்கள் மேலும்தான்.

போகும்போது கையில் ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். "தலையை உயர்த்திப் படுக்கவும்." எப்படி என்று ஒரு சொல் இல்லை. நான் மூன்று தலையணைகளை அடுக்கித் தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன். தாடை நெஞ்சில் முட்ட, கழுத்து மடிந்து கிடக்க, இரண்டு இரவுகள் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டபோதுதான், கழுத்து மடியவே கூடாது, முதுகிலிருந்தே சாய்வாக உயர வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். முன்பே எழுதியிருந்தால் ஒரு வரிதானே! வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம், முக்கினால் முகத்தில் அழுத்தம் ஏறும், அதற்கு முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தாளில் இல்லை. கழற்றி மாட்டத் தலைவழி போகாத, முன்பக்கம் பொத்தான் வைத்த உடை வேண்டும் என்பதும் இல்லை. இருந்ததெல்லாம் "லேசான வீக்கம் இருக்கலாம்" என்ற வரி.

லேசான வீக்கம்! மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் நான் பார்த்தது என் முகமே இல்லை. கண்கள் கோடாகிவிட்டன. இடது கன்னம் வலதைவிடப் பெரிதாக இருந்தது. காதோரம் கறுநீலம், அது நாளுக்கு நாள் கீழே இறங்கி, கழுத்தெல்லாம் படர்ந்து, இப்போது பச்சையும் மஞ்சளுமாக நெஞ்சுவரை வந்து நிற்கிறது. கெடுத்துவிட்டார்கள், இனி இப்படியேதான் இருக்கப்போகிறேன் என்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அழுதால் முகம் இன்னும் வீங்கும் என்று பயந்து, அந்த அழுகையையும் பாதியில் விழுங்கினேன்.

தொலைபேசியில் கேட்டால், "அது சகஜம்தான். இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும். முதல் வாரத்தில் மனம் சோர்ந்து அழுகை வருவதும் சகஜம்." சகஜம் என்று தெரிந்திருக்கிறது, இல்லையா? அப்படியானால் கையெழுத்து வாங்கும் முன் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஆலோசனைக்குப் போன அன்று மேசையில் எத்தனை படங்களைப் பரப்பினார்கள்! முன்னால் ஒரு முகம், ஆறு மாதம் கழித்து ஒரு முகம். நடுவில் இருக்கும் மூன்றாம் நாள் முகத்தை ஒரே ஒரு படத்தில் காட்டியிருந்தால் நான் அந்தக் கதவைத் தாழிட்டிருக்க மாட்டேன். காட்டினால் பயந்து போய்விடுவார்கள் என்ற கணக்குதான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

"இரண்டு வாரத்தில் வெளியே போகலாம்" என்றார்கள். போகலாம்தான். ஆனால் மரத்துப்போன தோலுக்கு உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகும். இரண்டு வாரம் என்ற சொல் என் வீட்டார் காதில் எப்படி விழுந்திருக்கிறது தெரியுமா? பதினைந்தாம் நாள் காலையில் நான் பழையபடி எல்லா வேலைக்கும் நின்றுவிட வேண்டும் என்று.

வருந்துகிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை. நேற்று முதன்முறையாக வீக்கம் வடிந்த தாடைக்கோட்டைப் பார்த்தேன், பிடித்திருந்தது. அதனால் என் வலி பொய்யாகிவிடாது. வலிக்கிறது என்று சொல்வதற்கு, எடுத்த முடிவுக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை.

காதுக்கு முன்னால் இருந்த தையல்களை ஆறாம் நாளே எடுத்துவிட்டார்கள். பின்னால் முடிக்குள் இருப்பவற்றை நாளை எடுக்க வேண்டும். கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, நானே வண்டி ஓட்ட முடியாது. இன்று இரவு கணவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "தனியாகப் போய் வந்துவிடுவாய்தானே?" என்று கேட்டார்.

"மாட்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்கள் என்னோடு வாருங்கள்" என்றேன். தையல் இழுத்தது. அப்படியும் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னேன்.