டிராக் கார் வாங்குகிறவர்கள் எஞ்சின் நம்பரை விட்டுவிட்டுத் தகரத்தைப் பாருங்கள்

1960களில் அமெரிக்கக் கம்பெனிகள் கால் மைல் நேர்கோட்டு டிராக் பந்தயத்துக்கென்றே கட்டி விற்ற கார்கள் இன்று ஒரு பங்களா விலைக்குப் போகின்றன. காசு சேர்ந்த இடத்தில் போலியும் சேர்ந்துவிட்டது. ஏல விளம்பரம் எதை எடுத்தாலும் முதல் வரியில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று இருக்கிறது. கம்பெனியில் மாட்டிய அதே எஞ்சின் இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். ரோட்டில் ஓடிய காருக்கு அது சரியான அளவுகோல். டிராக் காரை அதை வைத்து எடைபோடுவது தப்பு என்று நான் உறுதியாகச் சொல்வேன். பந்தயக்காரனுக்கு எஞ்சின் என்பது பிரேக் ஷூ மாதிரி, தேய்ந்தால் கழற்றிப் போடுகிற சாமான். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு பிளாக் உட்கார்ந்திருக்கும்.

ஷெவர்லேயில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிளாக்கின் வலப்பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு திட்டு இருக்கும். எஞ்சின் எண்ணை அதில்தான் அடிப்பார்கள். ஹெட் உட்காரும் முகமும் அந்தத் திட்டும் ஒரே தளம். கம்பெனி மெஷின் அந்த முகத்தைச் சீவும்போது முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் விழும்; எண் அந்தக் கோடுகளின் மேல்தான் பதிந்திருக்கும். கம்ப்ரஷனைக் கூட்டவோ வளைந்த முகத்தை நேராக்கவோ பிளாக்கை மறுபடி சீவினால் (ஃபேசிங்) கோடுகளும் போகும், எண்ணும் போகும். ஆகவே உண்மையிலேயே பந்தயம் ஓடிய எஞ்சினில் அந்த இடம் மொட்டையாக இருப்பது ஆச்சரியமே இல்லை. பல வருஷம் ஓடிய காரில் எண் பளிச்சென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். நேர்கோடு இல்லாமல் வட்டவட்டமாகச் சாணை தேய்த்த தடம் தெரிந்தால் அந்த எண் பிற்பாடு அடித்தது.

அப்படியானால் காரின் அடையாளம் எங்கே இருக்கிறது? பாடியில். ஆனால் சேசிஸ் நம்பர் எவ்வளவு சொல்லும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது புரியாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

கிரைஸ்லர் கம்பெனியின் 1968 ஹெமி டார்ட்டை, அதாவது ஹெமி என்ற பெரிய எஞ்சின் ஏற்றிய டாட்ஜ் டார்ட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நம்பர் 'எல்ஓ23எம்8பி' என்று தொடங்கும். 'எல்' டார்ட், 'ஓ' சூப்பர் ஸ்டாக் என்ற பந்தயப் பிரிவு, '23' இரண்டு கதவு ஹார்ட்டாப், 'எம்' தனி ஆர்டர் எஞ்சின், '8' வருஷம், 'பி' ஹாம்ட்ராமக் ஆலை. அண்ணன் தம்பி மாதிரி கூடவே வந்த பிளிமத் பாராகுடாவுக்கு 'பிஓ29எம்8பி'. கட்டியது டார்ட் சுமார் 80, பாராகுடா சுமார் 70 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம்பரே சாட்சி சொல்வதால் திருட்டும் நம்பரிலிருந்தே தொடங்குகிறது: துருப்பிடித்து நொறுங்கிய அசல் காரின் தகட்டைப் பெயர்த்துச் சாதாரண டார்ட்டில் அடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அது மத்திய அரசுச் சட்டப்படியே குற்றம். டேஷ்போர்டில் தகட்டைப் பிடிக்கும் பூ வடிவ ரிவெட்டுக்குக்கூட நகல் கிடைக்கிறது என்பதால், ரிவெட்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

தகரத்தில் பார்க்க வேண்டியவை வேறு. ஹெமி எஞ்சின் அகலமானது, அந்தச் சின்ன உடலுக்குள் சும்மா நுழையாது. அதனால் ஷாக் அப்சார்பர் பொருந்தும் ஷாக் டவரை மாற்றியிருப்பார்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டரை வால்வ் கவர் இடிக்காதபடி வெளிப்பக்கமாகத் தள்ளியிருப்பார்கள். அகல டயருக்காகப் பின் சக்கர வளைவைப் பெரிதாக்கியிருப்பார்கள். கிரைஸ்லருக்காக இந்தக் கார்களை மாற்றிக் கட்டிய ஹர்ஸ்ட் பட்டறையில் அவசரமாக நடந்த கைவேலை இது. அச்சில் வார்த்தது போல இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கதவைத் திறந்து பாருங்கள். எடை குறைக்க அமிலத்தில் முக்கி மெலிதாக்கிய தகரம் அது. அல்ட்ராசானிக் தடிமன் கருவியைக் கதவில் ஓரிடத்திலும் பின்பக்கத் தகரத்தில் ஓரிடத்திலும் வைத்தால் வித்தியாசம் எண்ணாகவே வரும். பெயின்டுக்கடியில் பட்டி இருந்தால் சாதாரணப் பெயின்ட் மீட்டர் காட்டிக்கொடுக்கும். இரண்டும் கையில் இருக்கட்டும். கதவுக் கண்ணாடி கார்னிங் கம்பெனியின் கெம்கோர் என்ற மெல்லிய கண்ணாடி, தடிமன் சுமார் 2 மி.மீ. ஏற்றி இறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். சீட் டாட்ஜ் ஏ100 வேனிலிருந்து எடுத்தது. பின்சீட், ஹீட்டர், ரேடியோ, சத்தம் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. பேட்டரி டிக்கியில். ஃபைபர் பானெட்டும் முன் மட்கார்டும் நகலாகத் தாராளமாகக் கிடைப்பதால் அவற்றுக்கு நான் சாட்சியாக மதிப்பே கொடுப்பதில்லை.

இன்னொன்று. இந்தக் கார்கள் டீலரிடம் வந்ததே பிரைமர் பூச்சோடுதான், ஃபைபர் பாகங்கள் கறுப்பாகவே இருந்தன. வாங்கியவர்தான் நிறம் அடித்துக்கொண்டார். ஹெமி டார்ட்டைக் காட்டி 'கம்பெனி பெயின்ட், அப்படியே இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஃபோர்டு தன் ஃபேர்லேன் காரை வைத்துக் கட்டிய 1964 தண்டர்போல்ட் 100 கார்கள்தான். முதல் 11 பர்கண்டி நிறம், மீதி வெள்ளை. அதன் சேசிஸ் நம்பரில் எஞ்சினுக்கு உள்ள எழுத்து 'கே', அது 289 கன அங்குல எஞ்சினின் குறி. உள்ளே இருந்ததோ 427. ஆகவே எழுத்தை மட்டும் நம்பினால் வேறொரு 'கே' ஃபேர்லேனைத் தண்டர்போல்ட் என்று தலையில் கட்டிவிடலாம். எந்த எண்கள் அந்த நூற்றில் சேர்ந்தவை என்ற பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். உள் ஹெட்லைட் இரண்டையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகக் கார்புரேட்டருக்குக் காற்றுக் குழாய் போகும். கனத்த பேட்டரி டிக்கியின் வலப்பக்கம் இருக்கும். கிளம்பும்போது டிரைவ்ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், அதை அமுக்கத்தான் அந்த இடம்.

ஷெவர்லேயின் 1969 காமரோ ஸெட்எல்1 கதையே வேறு. மொத்தம் 69 கார்கள். அதில் 50ஐ ஆர்டர் செய்தது இலினாய் மாநிலம் லா ஹார்ப்பில் இருந்த ஃப்ரெட் கிப் டீலர்ஷிப். அலுமினிய 427 எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் கூடுதல், கார் 7,200 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு விற்க முடியாமல் பெரும்பாலானவை திரும்பிப்போய் வேறு டீலர்களுக்குப் பிரிந்தன. இதன் சேசிஸ் நம்பர் வி8 என்று சொல்லும், எந்த வி8 என்று சொல்லாது. ஸெட்எல்1 எஞ்சின் தனியாகவும் கடையில் விற்கப்பட்டது. ஆகவே எஞ்சின் இருப்பதால் கார் ஸெட்எல்1 ஆகிவிடாது. நம்பரின் ஒரு பகுதி ஹீட்டர் பெட்டிக்கு அடியில் ஃபயர்வாலிலும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்), கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல் பேனலுக்கு அடியிலும் ரகசியமாக அடிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்திலும் இதே ஏற்றத்தாழ்வு. ஃபோர்டு 1967 முதல் என்றால் கம்பெனிப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும், தண்டர்போல்ட் அதில் வராது. போன்டியாக்குக்கு பிஎச்எஸ் என்ற ஆவணச் சேவை பில்லிங் நகல் தருகிறது. கிரைஸ்லர் ஆவணங்கள் 1967 மாடலோடு நின்றுவிடுகின்றன, ஆக ஹெமி டார்ட்டுக்குக் கம்பெனிக் காகிதம் எதிர்பார்க்க முடியாது. அப்போது பழைய பந்தயப் புகைப்படங்கள்தான் துணை. படத்தில் ரோல் பார் (கார் உருண்டால் ஓட்டுகிறவரைக் காக்கும் குழாய்ச் சட்டம்) எங்கே இறங்குகிறது, டேஷில் டேக்கோமீட்டர் ஓட்டை எங்கே, மட்கார்டில் பெயர் எழுதிய இடம் எது என்று குறித்துக்கொண்டு காரில் தேடுங்கள். பெயின்ட் மாறியிருந்தாலும் தரையில் வெல்டிங் தடம் மாறாது.

அதனால்தான் ரோல் பார் ஓட்டைகளை அடைத்து, ஷோரூமிலிருந்து நேற்று வந்தது போலப் பளபளவென்று ஆக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அது ரிப்பேர் இல்லை, சாட்சியை அழிப்பது. என் கணக்கில் அசல் பாடி, தொடர்ச்சியான உரிமையாளர் வரலாறு, வேறு எஞ்சின் உள்ள அழுக்குக் கார், மாற்றுப் பாடியில் அசல் எஞ்சின் ஏற்றி, கண்காட்சியில் பரிசு வாங்கிய காரைவிட விலை அதிகம் பெற வேண்டும். காலத்துக்கு ஒத்த தேதியுள்ள பிளாக் இருந்தால் எஞ்சினுக்காக நான் கொஞ்சம்தான் கழிப்பேன். வார்ப்புத் தேதி கார் கட்டிய தேதிக்குச் சில மாதம் முன்னதாக இருக்க வேண்டும், பிந்தியிருந்தால் அது வேறு எஞ்சின். தரைத் தகரமும் ஃபயர்வாலும் மாறியிருந்தால் சல்லிக்காசு கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வரிசையாகச் சின்னக் குழிகளாகத் தெரியும். டிங்கரிங் பட்டறையில் ஓட்டை போட்டு நிரப்பிய வெல்டிங் மேடாகவோ சாணை தேய்த்த வட்டமாகவோ இருக்கும். ஃபயர்வால் தரையோடு சேரும் ஓரத்தில் முதலில் பாருங்கள். பரிசோதிக்கிறவருக்குக் கூலி உங்கள் கையிலிருந்து போகட்டும், விற்கிறவர் கையிலிருந்து வேண்டாம்.