கடைசியில் எழுதப்படாத கடைசி நாவல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவுக்குக் கடைசிக் கதையான 'கர்ட்டன்' நாவலின் முடிவை இந்தப் பதிவில் முழுசாகப் போட்டு உடைக்கப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடுங்கள். அப்புறம் கமெண்டில் வந்து திட்டக்கூடாது.

இந்த நாவலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். "புவாரோவே கொலை பண்ணிட்டாரே!" அதிர்ச்சிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு நீண்ட துப்பறியும் தொடருக்கு இவ்வளவு கெட்டியான முடிவு கிடைத்ததற்குக் காரணமே, கிறிஸ்டி அதைக் கடைசியில் எழுதவில்லை என்பதுதான்.

புத்தகம் வெளிவந்தது 1975 செப்டம்பரில். எழுதியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. கணவர் மேக்ஸ் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். கிறிஸ்டி யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்கு என்ன வழி என்று யோசித்து, இரண்டு நாவல்களைத் தனியாக எழுதிவைத்தார். புவாரோ நாவல் மகள் ரோசலிண்டுக்கு, அவருடைய இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளின் நாவல் கணவருக்கு. தானப் பத்திரம் எழுதி, இன்சூரன்ஸ் போட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியாயிற்று. நம் வீடுகளில் மகள் பேருக்கு நகை எடுத்து வைப்பார்களே, அந்தக் கணக்குதான்.

அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. கை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். பெட்டகத்துக்குள் புவாரோ செத்துக் கிடக்க, வெளியே அவர் பாட்டுக்கு இன்னும் முப்பது வருஷம் துப்பறிந்துகொண்டிருந்தார்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், கிறிஸ்டி உண்மையிலேயே கடைசியாக எழுதிய புவாரோ நாவலைப் படிக்க வேண்டும். 1972-இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமம்பர்'. கேட்டதையே திரும்பக் கேட்கிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், வயதும் தேதியும் ஒன்றுக்கொன்று உதைக்கின்றன. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சிலர் அவருடைய நாவல்களைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்து, கடைசிக் காலத்தில் சொல்வளம் நன்றாகவே குறைந்துபோயிருக்கிறது என்று காட்டினார்கள். அந்தக் கையால் புவாரோவின் மரணத்தை எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

'கர்ட்டன்' கதை ஸ்டைல்ஸ் மாளிகையில் நடக்கிறது. தொடரின் முதல் நாவலில் முதல் கொலை நடந்த அதே வீடு. இப்போது அது காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைக்கிற விடுதி. புவாரோ சக்கர நாற்காலியில். மனைவியை இழந்த பழைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் வந்து சேர்கிறார். இந்த வீட்டில் ஒரு கொலைகாரன் இருக்கிறான், ஐந்து கொலைகளுக்குப் பின்னால் இருந்தவன், பேர் சொல்லமாட்டேன் என்கிறார் புவாரோ.

அவன் நார்டன். பறவை பார்க்கிறவன், கழுத்தில் பைனாகுலர், யாரையும் அதிர்ந்து பேசாத சாது. அவன் யாரையும் தொடுவதே இல்லை. சிண்டு முடிகிறவன். கொளுத்திப் போட்டுவிட்டு நகர்ந்து நின்று பார்க்கிறவன். எதிராளியின் மனசில் ஏற்கெனவே இருக்கிற எரிச்சலைக் கண்டுபிடித்து அதை ஊதிவிடுவான், அவ்வளவுதான். கூனிக்காவது ராமன் மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. நார்டனுக்கு அதுவும் கிடையாது. ருசிக்காகச் செய்கிறான்.

விடுதி நடத்தும் கர்னல் லட்ரெல் வருகிற இடத்தைப் பாருங்கள். பெருந்தன்மையாக எல்லாருக்கும் விஸ்கி வாங்கித் தருகிறேன் என்று உள்ளே போகிறார். பாட்டிலைத் திறக்கப்போகும்போது மனைவியின் குரல்: இப்படி ஆளாளுக்கு ஓசியில் ஊற்றிக்கொண்டிருந்தால் விடுதி உருப்பட்ட மாதிரிதான், என்கிற தொனி. வெளியே நிற்கிற எல்லார் காதிலும் விழுகிறது. மனுஷன் கூனிக்குறுகித் திரும்பி வருகிறார். நார்டன் உடனே, சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் குடிக்கவே தோன்றவில்லை என்று ஏதோ சமாளிக்கிறான். நல்ல மனசு என்றுதான் நமக்குப் படும். ஆனால் அந்தச் சமாளிப்புதான் அவமானத்தை இரண்டு மடங்காக்குகிறது. பேச்சு எப்படியோ துப்பாக்கி, சூடு என்று போகிறது. கொஞ்ச நேரத்தில் கர்னல், முயல் என்று நினைத்ததாகச் சொல்லி, மனைவியைச் சுட்டுவிடுகிறார். அவள் பிழைத்துக்கொள்கிறாள். கடைசி நொடியில் அவள் மேல் இருந்த பாசம்தான் குறியைத் தப்பவைத்தது என்பார் புவாரோ.

இதில் எந்த இடத்தில் நார்டன் மேல் கை வைப்பீர்கள்? எந்தக் கோர்ட்டில் இது நிற்கும்? துப்பறியும் கதை என்றாலே தடயம், கைரேகை, விஷப் புட்டி. அது எதற்குமே பிடி கொடுக்காத ஒருவனைத் தொடரின் கடைசி எதிரியாக வைத்தாரே, அதுதான் கிறிஸ்டியின் துணிச்சல். தினமும் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் நார்டன்களைப் பார்க்கிற நமக்கு அவனைப் புரிந்துகொள்ள உரையே தேவையில்லை.

அவனுடைய வலையில் ஹேஸ்டிங்ஸும் விழுகிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். மகள் ஜூடித், பெண்பித்தன் அல்லர்ட்டனோடு போய்விடப்போகிறாள் என்று நம்பி, அவனுடைய விஸ்கியில் தூக்க மாத்திரையைக் கலந்து கொல்லத் தயாராகிவிடுகிறார். வருஷக்கணக்காக நாம் கூடவே நடந்து வந்த, ஒரு ஈயைக்கூட அடிக்காத ஹேஸ்டிங்ஸ்! புவாரோ சாக்லேட்டில் மருந்து கலந்து கொடுத்து அவரைத் தூங்கவைத்துக் காப்பாற்றுகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. விடுதியில் தங்கியிருக்கும் பார்பரா ஃப்ராங்க்ளின், தன் கணவனைக் கொல்ல ஒரு காப்பிக் கோப்பையில் விஷம் வைத்திருக்கிறாள். எரிநட்சத்திரம் பார்க்க எல்லாரும் பால்கனிக்கு ஓடுகிறார்கள். உள்ளே ஹேஸ்டிங்ஸ் மட்டும், குறுக்கெழுத்துப் புதிரோடு. செத்துப்போன மனைவியின் நினைவு வந்து கண் கலங்குகிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று புத்தகம் தேடுகிற மாதிரி சுழல் அலமாரியைத் திருப்புகிறார். அதன் மேல் இருந்த கோப்பைகள் இடம் மாறிவிடுகின்றன. விஷத்தை அவளே குடிக்கிறாள். அப்போது ஹேஸ்டிங்ஸ் கையில் எடுத்த புத்தகம் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. புதிருக்கு விடை, அந்த நாடகத்தில் ஒத்தெல்லோவின் மனசைக் கெடுத்துக் கொலைக்குத் தூண்டிவிடுகிற இயாகோ. நார்டன் யார் என்பதற்கான விடையும் அதுதான்! வாசகனின் மூக்குக்கு நேரே வைத்திருக்கிறார், நாம் ஹேஸ்டிங்ஸின் சோகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குறையும் இருக்கிறது. நார்டனைக் கொல்கிற ராத்திரியில் புவாரோ தன் விக்கைக் கழற்றிவிட்டு, அவன் மாதிரி நொண்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்து, அது நார்டன்தான் என்று ஹேஸ்டிங்ஸ் நம்பினார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. 'நீதான் பார்பராவைக் கொன்றாய்' என்று, தான் செத்த பிறகு ஹேஸ்டிங்ஸுக்குக் கிடைக்கிற கடிதத்தில் புவாரோ எழுதியதும் அநியாயம். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

புவாரோ நார்டனைச் சுட்டுக் கொன்றதைப் பற்றி: 1934-இல் வந்த நாவலில் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் கொலைகாரர்களைத் தெரிந்தே போகவிட்டவர்தான் இவர். சட்டம் போய்ச் சேராத இடம் உண்டு என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனால் கிறிஸ்டி அவரைத் தியாகி ஆக்கவில்லை. நார்டனின் நெற்றியின் சரியான நடுவில் குண்டு. சாகும்போதும் கொல்லும்போதும் எல்லாம் சமச்சீராக இருக்க வேண்டும் என்கிற அந்தப் பழைய கிறுக்கு போகவில்லை. நான் செய்தது சரியா தப்பா தெரியவில்லை என்று எழுதிவைத்துவிட்டு, இதய மருந்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளிவைக்கிறார்.

1975 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. கற்பனைப் பாத்திரத்துக்கு! அடுத்த ஜனவரியில் கிறிஸ்டியும் போய்ச் சேர்ந்தார்.

டேவிட் சூஷே நடித்த டிவி தொடரும் 2013 நவம்பரில் இந்தக் கதையோடுதான் முடிந்தது. ஆனால் கடைசி சீசனில் முதலில் படமாக்கியது இதைத்தான். புவாரோவின் சாவோடு படப்பிடிப்பை முடிக்க சூஷேக்கு மனசில்லை. சாவு எபிசோடை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மற்றக் கதைகளை அப்புறம் நடித்தார். கடைசியாக எடுத்தது 'டெட் மேன்ஸ் ஃபாலி'. படப்பிடிப்பு நடந்தது கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில்.