அளவு பொருந்தாவிட்டால் ஆர் மொழி தானாக நின்றுவிடுமா?

ஆர் (R) என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழி. "அணிகளின் (எண் அட்டவணைகளின்) அளவை நாம் சரிபார்க்க வேண்டியதில்லை, பொருந்தாவிட்டால் ஆர் மொழியே பிழை காட்டி நின்றுவிடும்" என்று புள்ளியியல் மாணவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. இது பாதிதான் உண்மை.

அளவு வேறுபட்ட இரண்டு அணிகளைக் கூட்டினால் பிழை வரும், சரி. ஆனால் அணியோடு வெக்டர் (எண்களின் ஒற்றை வரிசை) சேரும்போது கதையே வேறு. 2 நிரை (கிடைவரிசை), 3 நிரல் (செங்குத்து வரிசை) கொண்ட அணியில் 1 முதல் 6 வரை நிரல் நிரலாக நிரப்புங்கள். நிரல் சராசரிகள் 1.5, 3.5, 5.5. ஒவ்வொரு நிரலிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்க நினைத்து, இந்த மூன்று எண்களின் வெக்டரை அணியிலிருந்து நேரடியாகக் கழித்தால் பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. ஆர் நிரல் வழியே மேலிருந்து கீழாகப் போவதால், முதல் நிரலில் 1-லிருந்து 1.5-ஐயும் 2-லிருந்து 3.5-ஐயும் கழித்துவிடும். சராசரியைக் கழித்த பின் ஒவ்வொரு நிரலின் சராசரியும் 0 ஆக வேண்டும். இங்கே கிடைப்பதோ -1, 0, 1. இந்தத் தரவை வைத்து அடுத்தடுத்த கணக்குகளைப் போட்டால் எல்லாமே தவறாகும், ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கவலை அதுதான்.

இதற்கு ஆர் மொழியின் 'ஸ்வீப்' (sweep) செயற்கூறைப் பயன்படுத்தி, நிரல் வாரியாக என்று குறிப்பிடுங்கள். அளவு ஒத்துவராவிட்டால் அது பெரும்பாலும் எச்சரிக்கும், ஆனால் நிற்காது. கட்டாயம் நிற்க வேண்டுமென்றால் வெக்டரின் நீளமும் நிரல்களின் எண்ணிக்கையும் சமமா என்று 'ஸ்டாப்இஃப்நாட்' (stopifnot) கொண்டு முன்கூட்டியே சோதியுங்கள். அப்புறம், அணியிலிருந்து ஒரே ஒரு நிரலை எடுத்தால் அது வெறும் வெக்டராகிவிடும். அணியாகவே இருக்க, நிரலை எடுக்கும்போதே 'டிராப்' என்பதை 'ஃபால்ஸ்' என்று (drop = FALSE) கொடுக்க வேண்டும்.