கூப்பிடுவதற்கா, கூட்டிப் பார்ப்பதற்கா?

சென்ற மாதம் என் தங்கை மகளின் ஆண் குழந்தைக்குப் பெயர் சூட்டினார்கள். வீட்டில் மூத்தவர் என்ற முறையில், 83 வயதான என் அம்மாவைக் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பெயர் ஹேத்விக்ஷ். அம்மா குனிந்து, "ஏத்தி... ஏத்திவிக்கி..." என்று தடுமாறியதும் கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், கைப்பேசியில் படம் பிடித்தவர்களும் உண்டு. எனக்கு வயிறு எரிந்தது. பிழை அவருடைய நாக்கிலா இருக்கிறது?

இந்தப் பெயர் பிறந்த கதையைக் கேளுங்கள். குழந்தையின் நட்சத்திரம் பூசம். பூசத்துக்குப் பஞ்சாங்கம் கொடுக்கும் எழுத்துகள் ஹு, ஹே, ஹோ, டா. தமிழ்ச் சொல் எதுவும் இந்த நான்கில் ஒன்றைக் கொண்டும் தொடங்காது. அப்படியிருந்தும் அதை மீறினால் குழந்தைக்கு ஆகாது என்று இவர்களாகவே அஞ்சினார்கள். அடுத்து எண்கணிதக்காரர் வந்தார். ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டி, தொகை 5 வர வேண்டும் என்பதற்காக நடுவில் ஓர் எழுத்தையும் கடைசியில் இரண்டு எழுத்துகளையும் செருகினார். தமிழ்க் குழந்தையின் தலைவிதியை ஆங்கில நெடுங்கணக்கு தீர்மானிக்கிறது என்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

பொருள் என்ன என்று கேட்டேன். "சிவனோட அருள்னு நெட்ல போட்டிருக்கு மாமா" என்றாள் தங்கை மகள். அதே பட்டியலில் அடுத்தடுத்து இருந்த நான்கு பெயர்களுக்கும் சிவனின் அருள் என்றே போட்டிருந்தது. வடமொழி முறையாகக் கற்ற நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கைவிரித்துவிட்டார். ஆக, இது தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை. காதுக்கு வடமொழி போல ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒட்டவைத்த ஓசை, அவ்வளவுதான்.

வடமொழிப் பெயர் மீது எனக்குக் காழ்ப்பு ஏதும் இல்லை. லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் கம்பர் நம் நாக்குக்குப் பழக்கித் தந்தார். பழைய பெயர்கள் எல்லாம் பொன் என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்காகப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த ஊர்தானே இது? ஆனால் பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன், அதுவே பேரன் என்று உறவுக்கே பெயரிலிருந்து சொல் எடுத்த மொழியில், பாட்டியால் கூப்பிட முடியாத பெயரைப் பேரனுக்கு வைப்பது என்ன பெருமை? (என் மகனுக்கு என் அப்பாவின் பெயரைத்தான் வைத்தோம். கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா இன்று வரை அவனை 'ராசா' என்றே கூப்பிடுகிறார் என்பது வேறு கதை.)

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியன். என் வகுப்பில் இப்போது 'விக்' என்று முடியும் பெயர்கள் ஐந்து, 'ஷிகா' என்று முடிபவை நான்கு. வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது ஒருவனை அழைத்தால் மூவர் எழுந்து நிற்கிறார்கள். யாருக்கும் இல்லாத பெயராக வேண்டும் என்று தேடித் தேடி வைத்த பெயர்கள்தாம் இவை! ஒரு சிறுவன் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் பலகையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அ, ஆ முடித்து, க, ங, ச முடித்து, ஹகரத்துக்கு வருவதற்குள் ஆண்டே முடிந்துவிடும்.

பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்கச் சட்டம் கட்டணமின்றி ஓராண்டு அவகாசம் தருகிறது. பொறுமையாக யோசியுங்கள் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் எழுத்தர், "தமிழில் எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டபோது கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, இருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த இரண்டு மாதக் குழந்தையை வீட்டில் அவர்கள் கூப்பிடுவது 'பப்பு' என்று.

பூசம் முருகனுக்கு உகந்த நட்சத்திரம் என்று அம்மா அவனை 'முருகா' என்கிறார். அதற்கும் தங்கை மகள் குறுக்கே வருகிறாள்: "அப்படிக் கூப்பிடாதீங்க ஆச்சி, கூட்டுத்தொகை மாறிப்போயிரும்."