அழுவதற்கும் இடம் உண்டு

விசுவாசம் உள்ளவர் எந்தத் துன்பத்திலும் முகம் வாடக் கூடாது என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேதாகமத்தில் ஜெபப் பாடல்களாக உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதலுக்குத் திரும்பாமலேயே இருளில் முடிகிறது. அதையும் ஜெபம் என்று ஏற்றுத்தானே தொகுத்து வைத்திருக்கிறார்கள்!

ஆதித் திருச்சபையின் ஊழியரான பவுல், பிலிப்பி நகரச் சபையாருக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, கட்டுரையாளர் பொருத்தமாகவே காட்டுகிறார். சிறையில் இருந்தபடி, நான்கே அதிகாரங்களில் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறார் பவுல். ஆனால் அதே நிருபத்தில், நோயுற்ற தன் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து பிழைத்திராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். ஓரிடத்தில் கண்ணீரோடு எழுதுவதாகவும் சொல்கிறார். இவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள்? சந்தோஷமும் கண்ணீரும் ஒரே மனிதரிடம், ஒரே கடிதத்தில் இருக்கின்றன. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

அம்மா படுக்கையில் இருந்தபோது, "கவலைப்படுவது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர். (நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை.) ஒருவர் மட்டும் அருகில் உட்கார்ந்து, எங்களோடு அழுதுவிட்டுப் பிறகு ஜெபித்தார். அவர் வரும் நாட்களில் அம்மா வாய்விட்டுச் சிரிப்பார். அடுத்த முறை அப்படிப்பட்டவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.